30 நாள் 7 நாளானது, 20 கோடி ஏழைகளைக் காணவில்லை, தெரியுமா?

யாருக்கும் கூலி ஒரு ரூபாய்கூட உயரவில்லை. மழை கூடுதலாகப் பெய்யவில்லை. விளைச்சலும் பெருகவில்லை. ஆனாலும் இந்தியாவில் ஏறத்தாழ 20 கோடிப் பேர் வறுமைக்கோட்டைத் தாண்டி மேலே ஏறிவிட்டார்கள், தெரியுமா? எங்கே ஏறினார்கள்? காகிதத்தில்! கேள்வித்தாளில் ஒரே ஓர் எண்ணை மாற்றியதற்கு இவ்வளவு விளைவு!

நடந்தது 1990களில். புள்ளியியலாளர் மகலனோபிஸ் தொடங்கிவைத்த தேசிய மாதிரி ஆய்வு 1950 முதல் வீடு வீடாகப் போய்க் குடும்பச் செலவைக் கேட்டு வருகிறது. போன 30 நாளில் அரிசிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்பதுதான் பழைய வழக்கம். 1994 முதல் 1998 வரை ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஊரில் சில வீடுகளுக்குப் பழைய தாள், சில வீடுகளுக்குப் புதிய தாள். புதிய தாளில் உணவுக்கும் புகையிலைக்கும் 7 நாள் கணக்கு. கட்டில், சைக்கிள் மாதிரி நாள்பட உழைக்கும் பொருட்களுக்கு 365 நாள் கணக்கு. அவ்வளவுதான் மாற்றம்! புதிய தாளில் உணவுச் செலவு சுமார் 30 சதவீதம் கூடுதலாக வந்தது, மொத்தச் செலவு சுமார் 17 சதவீதம் கூடியது. வறுமைக்கோட்டை ஒட்டினாற்போல வாழ்பவர்கள் நம் நாட்டில் அத்தனை பேர் இருப்பதால், அந்த 17 சதவீதத்துக்கே வறுமை விகிதம் பாதியாகச் சரிந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

காரணம் எளிது. விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டிப் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூலி வந்த அன்று 20 ரூபாய்க்கு எண்ணெய், மறுநாள் 10 ரூபாய்க்குச் சீனி, ஆளுக்கு ஒரு டீ. இந்தச் சில்லறைச் செலவெல்லாம் ஒரு மாதம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? 7 நாள் என்றால் நினைவிருக்கும். ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு, கேளுங்கள்! பத்து நாளைக்கு முன் வாங்கிய கறியை “போன வாரந்தான்” என்று இழுத்துவந்து சேர்த்துவிடும் நம் மனசு. 1964இலேயே நெட்டர், வாக்ஸ்பெர்க் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வீடு பழுதுபார்த்த செலவைக் கேட்டு இந்த இழுப்பை அளந்து காட்டிவிட்டார்கள். அப்படியானால் 30 நாள் கணக்கு உண்மையா, 7 நாள் கணக்கு உண்மையா? 1999-2000 ஆய்வில் இரண்டையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டார்கள். கேட்டவரும் சொன்னவரும் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் சரிக்கட்டிவிட்டார்களோ என்று பொருளியல் உலகம் பல ஆண்டுகள் மோதிக்கொண்டது. அந்த வாதங்களைத் தொகுத்து 2005இல் தனியாக ஒரு பெரிய புத்தகமே வந்தது!

இன்னொன்று தெரியுமா? இந்தக் கரிசல் காட்டில் விடிகாலையில் அரிவாளோடு கிளம்பிச் சீமைக்கருவேலம் வெட்டி, முள் கிழித்த கையோடு தலைச்சுமை விறகு கொண்டுவரும் பெண்ணுக்கு, அரசுக் கணக்கில் ஓர் எண் உண்டு. 93! தேசிய மாதிரி ஆய்வின் குறியீட்டில் 92 என்றால் வீட்டுவேலை மட்டும் பார்ப்பவர். 93 என்றால் வீட்டுவேலையோடு விறகு, கீரை, மாட்டுத்தீவனம் போன்றவற்றை விலையில்லாமல் சேகரிப்பவர், வீட்டுத் தேவைக்குத் தைப்பவர், நெய்பவர். இரண்டுமே “உழைப்புப் படையில் இல்லை” என்ற பட்டியலில் போய் விழும். காலையிலிருந்து மாலைவரை குனிந்து நிமிரும் ஒருத்தி, புள்ளிவிவரத்தில் வேலை செய்யாதவள்! எனக்கு இது நெஞ்சில் குத்துகிற எண்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே கதை நடந்தது. 1961இல் இந்தியப் பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் உழைப்பாளிகள் என்று வந்தது. 1971இல் அது ஏறத்தாழப் பாதியானது. பத்தே வருடத்தில் பாதிப் பெண்கள் களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டார்களா என்ன? இல்லவே இல்லை! 1971இல் “உங்கள் முதன்மையான வேலை என்ன?” என்று முதலில் கேட்டார்கள். “வீட்டைப் பார்த்துக்கிறேன்” என்ற பதில் வந்தது. கதவு அங்கேயே சாத்தப்பட்டது. பிறகு 1991இல் கேள்விக்குள்ளேயே ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள்: சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ சம்பளமில்லாமல் பார்க்கும் வேலையும் சேர்த்தி என்று. ஒரு வரி அடைப்புக்குறிப்புதான், ஆனால் அதற்குப் பின்னால் பெண் ஆய்வாளர்களும் அமைப்புகளும் பல காலம் போராடியிருக்கிறார்கள். 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வுக்கு எடுக்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதில் “வேலை பார்த்தீர்களா?” என்ற வம்பே கிடையாது. நாள் முழுக்க ஒவ்வொரு மணியும் எதில் போனது என்று கேட்டுக்கொண்டே போவார்கள். அப்போதுதான் தண்ணீர் எடுத்த நேரமும் விறகு பொறுக்கிய நேரமும் வெளிச்சத்துக்கு வந்தன!

கேள்வித்தாள் வைத்து ஒரு கிராமத்தைப் படிக்கிற வழக்கம் நம் மண்ணில் எவ்வளவு பழையது தெரியுமா? நூறு வருடத்துக்கும் மேல்! 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். 1916இல் அவர் செய்த காரியம் இன்றைக்கும் புல்லரிக்க வைக்கிறது. மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறைக்குப் போகும் தங்கள் கிராமங்களையே ஆராய்ந்து வரச் சொன்னார். நிலம் யாரிடம், கால்நடை எத்தனை, கடன் எவ்வளவு, யார் என்ன தொழில் என்று அந்தப் பிள்ளைகள் விசாரித்து எழுதி வந்தார்கள். 1918இல் அது புத்தகமானது. அதில் தஞ்சாவூரின் பாலக்குறிச்சி உண்டு, தென்னாற்காட்டின் இருவேல்பட்டு உண்டு, திருநெல்வேலியின் கங்கைகொண்டான் உண்டு, வடஆற்காட்டின் தூசி உண்டு. நம் வானம் பார்த்த பூமியின் சார்பாக யார் தெரியுமா? அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம்! இன்று அது காரியாபட்டி இருக்கிற அதே விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது.

வியப்பு அதோடு நிற்கவில்லை. 1936-37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்குத் திரும்பப் போனார்கள். 1980களில் சென்னையிலுள்ள வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இலும் போனார்கள். ஒரே கிராமம், தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள்! பண்ணையார் கையில் இருந்த நிலம் என்ன ஆனது, பண்ணையாள் பேரன் என்ன ஆனான் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்க்க முடிகிறது. முதலில் கேட்ட மாணவர்கள் எதைக் கேட்டோம், எப்படிக் கேட்டோம் என்பதையும் எழுதிவைத்ததால்தான் அது சாத்தியமானது. இன்றைக்கு ஆய்வு செய்கிற ஒவ்வொரு கல்லூரிப் பிள்ளையிடமும் நான் கெஞ்சிக் கேட்பேன்: முடிவை மட்டும் வைத்துக்கொண்டு கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2116இல் ஒருவர் உங்கள் ஊருக்கு வந்து அதைத் தேடலாம்!

வயதைக் கேட்பது உலகத்திலேயே சுலபமான கேள்வி என்றுதானே நினைக்கிறோம்? கணக்கெடுப்பு வயதுகளைக் கோட்டுப்படமாகப் போட்டால் 30, 35, 40, 45 என்று ஊசி ஊசியாக எழும்பி நிற்கும். நாற்பத்திரண்டும் நாற்பத்தொன்பதும் பள்ளத்தில் கிடக்கும். “ஒரு நாப்பது இருக்கும், போட்டுக்கங்க” என்பதன் வடிவம் அது. இதை அளக்கவே விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. 23 முதல் 62 வயதுவரை எடுத்துக்கொண்டு, 0, 5 என்று முடிகிற வயதுகளில் எவ்வளவு கூட்டம் என்று பார்ப்பார்கள். 100 வந்தால் நேர்த்தி. 500 வந்தால் எல்லாருமே அந்த இரண்டு இலக்கங்களில்தான் வாழ்கிறார்கள் என்று பொருள்!

அதற்கு மருந்து என்ன தெரியுமா? ஊர் நிகழ்வுக் காலண்டர். மக்கள் மறக்காத நாட்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து பின்னோக்கிக் கேட்பது. திருச்சுழிப் பக்கம் ஒரு திண்ணையில் பேச்சு இப்படிப் போகலாம்:

“உங்களுக்கு என்ன வயசு ஆத்தா?”

“அது ஆச்சு, அம்பது அறுபது. நீயே ஒண்ணப் போட்டுக்க தம்பி.”

“எம்ஜியார் நம்ம அருப்புக்கோட்டையில நின்னு ஜெயிச்சாருல்ல, அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

“அப்ப எம் மூத்த மகன் கைப்பிள்ள. இடுப்புல வச்சுக்கிட்டுத்தான எம்ஜியாரப் பாக்கப் போனேன்.”

“கல்யாணமாகி எத்தன வருசத்துல அவரு பொறந்தாரு?”

“ரெண்டாம் வருசம். நான் சமஞ்சு மூணு வருசம் கழிச்சுக் கட்டிக் குடுத்தாக.”

எம்ஜியார் அருப்புக்கோட்டையில் வென்றது 1977. பூப்பெய்தியது பதினாலு என்று வைத்தால் அப்போது ஆத்தாவுக்கு இருபதுக்குக் கொஞ்சம் முன்பின். பிறந்தது 1958 வாக்கில்! “அம்பது அறுபது” என்ற மூடுபனி விலகி ஒரு வருடம் துலங்கிவிட்டது. 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல், 1984இல் இந்திரா காந்தி சுடப்பட்டது, 1987இல் எம்ஜியார் மறைந்தது, 2016 நவம்பரில் ரூபாய் நோட்டு செல்லாமல் போனது என்று இந்த வட்டாரத்துக்கு ஒரு காலண்டர் தயாரித்துக்கொள்வது ஒரு மாலை நேர வேலைதான். அதைச் செய்யாமல் களத்துக்குக் கிளம்புவது வீண் வேலை என்பேன்.

சொல்லின் வலிமையைப் பாருங்கள். 1941இல் அமெரிக்காவில் ரக் என்பவர் ஒரே கருத்தை இரண்டு விதமாகக் கேட்டார். மக்களாட்சிக்கு எதிரான பேச்சுகளை “அனுமதிக்கலாமா?” என்றபோது 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். “தடை செய்யலாமா?” என்றபோது 46 சதவீதம் பேர்தான் ஆம் என்றார்கள். அனுமதிக்காததும் தடைசெய்வதும் ஒன்றுதானே? தாளில் ஒன்றுதான், வாயில் ஒன்றில்லை!

விடைக் கட்டங்களும் பேசும். ஜெர்மனியில் நடத்தப்பட்டு 1985இல் வெளியான ஓர் ஆய்வில், தினம் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு இரண்டு விதமான கட்டங்கள் கொடுத்தார் நோர்பெர்ட் ஷ்வார்ட்ஸ். அரை மணியில் தொடங்கி இரண்டரை மணிக்கு மேல் என்று முடியும் கட்டங்களைப் பார்த்தவர்களில் சுமார் 16 சதவீதம் பேர்தான் இரண்டரை மணிக்கு மேல் என்றார்கள். இரண்டரை மணியிலேயே தொடங்கும் கட்டங்களைப் பார்த்தவர்களில் 37 சதவீதத்துக்கும் மேல்! நடுக்கட்டம்தான் ஊர் வழக்கம் போல என்று நினைத்து, அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறோம்.

இல்லாத சட்டத்தைப் பற்றிக் கேட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் சின்சினாட்டியில் அதையும் செய்து பார்த்தார்கள். 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று என்று கற்பனையாக ஒரு பெயரைச் சொல்லி, அதை நீக்கலாமா என்று கேட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கருத்துச் சொன்னார்! வீடு தேடி வந்து கேட்கிறவரை வெறுங்கையோடு அனுப்ப யாருக்கும் மனசு வருவதில்லை. நம் ஊரில் இந்த மரியாதை இன்னும் கனமானது. “இந்தத் திட்டம் உங்களுக்குப் பயனுள்ளதாக இருக்கிறதா?” என்று கேட்டால் “ஆமாங்க சார்” என்றுதான் வரும், ஏனென்றால் கேட்டவருக்கு மோர் கொடுத்து உபசரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை “போன மாசம் எத்தன தடவ தண்ணி வந்துச்சு?” என்று திருப்பிப் போட்டால் மரியாதைக்கும் பங்கம் இல்லை, உண்மையும் வந்துவிடும்.

நலம் விசாரிப்பதில் இன்னும் பெரிய அதிசயம் இருக்கிறது. இந்தியாவில் நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்றது கேரளம். “உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டால் மிக அதிகமாக “ஆமாம்” என்பவர்களும் கேரளத்தில்தான்! பீகாரில் அதைவிட ஆயுள் குறைவு, நோய் சொல்பவர்களும் குறைவு. 2002இல் அமர்த்தியா சென் இதை எடுத்துக்காட்டி எச்சரித்தார். படித்து, மருத்துவரைப் பார்த்துப் பழகியவருக்குத் தன் நோய் தெரியும். வாழ்நாள் முழுக்க முதுகுவலியோடு குனிந்து களையெடுத்தவருக்கு அந்த வலி வாழ்க்கையின் ஒரு பகுதி. அவரிடம் போய் “கடந்த 15 நாட்களில் உடல்நலக் குறைவு ஏற்பட்டதா?” என்றால் இல்லை என்பார். பொய் இல்லை அது! “காய்ச்ச, மண்டையிடின்னு படுத்தீகளா? மேலு வலிச்சு வேலைக்குப் போகாம இருந்தீகளா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். உலகம் முழுக்கப் பயன்படும் வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளும் இந்த வழியில்தான் போகின்றன. ஊனம், குறைபாடு என்ற பேச்சே எடுக்காமல், கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமமா, படியேறச் சிரமமா என்று கேட்கின்றன.

சில கேள்விகளுக்குச் சுற்றிலும் காவல் வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வில் வீட்டு வன்முறை பற்றிய பகுதியை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள், அதுவும் தனியாக இருக்கும்போது. மாமியாரோ கணவரோ உள்ளே வந்தால் பேச்சை உடனே மாற்றிவிட வேண்டும், தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். அதே ஆய்வில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும்போது, பிறந்து அழுது, பிறகு தவறிப்போன குழந்தை உண்டா என்று தனியாக ஒரு கேள்வி வரும். ஒரு நாள்கூடத் தங்காத பிள்ளையைத் தாய்மார்கள் எண்ணிக்கையில் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு. அந்த ஒரு கேள்வி இல்லையென்றால் சிசு மரணக் கணக்கே பொய்த்துவிடும். அதைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்தி, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கவேண்டும் என்பது என் எண்ணம்.

நாணயத்தைச் சுண்டி உண்மையை வரவழைக்கலாம், தெரியுமா? 1965இல் ஸ்டான்லி வார்னர் தொடங்கிவைத்த உத்தியின் எளிய வடிவம் இது. கந்துவட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறாரா என்று அறிய வேண்டும். அவர் மறைவாக ஒரு நாணயத்தைச் சுண்டட்டும். தலை விழுந்தால் எதுவானாலும் “ஆமாம்” என்று சொல்லட்டும், பூ விழுந்தால் உண்மையைச் சொல்லட்டும். நூறு பேரில் 70 ஆமாம் வந்தால், 50 நாணயம் சொன்னது. மீதி 50 பேரில் 20 பேர் சொன்னது உண்மையான ஆமாம். அதாவது 40 சதவீதம்! எந்த ஒருவரின் ரகசியமும் யாருக்கும் தெரியாது, ஊரின் நிலைமை மட்டும் தெரிந்துவிடும்.

கேள்வித்தாளே வேண்டாம் என்று சொன்னவர்களும் இந்த மண்ணில் வேலை செய்திருக்கிறார்கள். 1970களில் வடஆற்காட்டு நெல் வயல்களில் ஆய்வு செய்தவர் ராபர்ட் சேம்பர்ஸ். பக்கம் பக்கமாக நீளும் தாள்கள், கேட்டு முடிக்கும் முன் இரு தரப்பும் களைத்துப்போவது, கடைசியில் யாரும் கூட்டிப் பார்க்காத மூட்டைகள் என்று 1983இல் அவர் எழுதியது ஆய்வுலகை உலுக்கியது. தார்ச்சாலை ஓரத்து வீட்டையே பார்ப்பது, மழைக்காலத்தில் ஊருக்குள் வராமல் அறுவடை முடிந்து வயிறு நிறைந்த காலத்தில் வந்து போவது என்று அவர் சுட்டிய கோளாறுகள் காரியாபட்டிக்கு அச்சாகப் பொருந்தும். மதுரை தூத்துக்குடி நாற்கரச் சாலையை விட்டுக் குண்டாற்றுப் பக்கம் உள்ளே இறங்கினால்தானே ஊர் தெரியும்! காலை எட்டு மணிக்குப் போனால் மில் வேன் ஏறியவர்கள் இருக்கமாட்டார்கள். பகலில் போனால் காட்டு வேலைக்குப் போனவர்கள் இருக்கமாட்டார்கள்.

1990களின் தொடக்கத்தில் அன்றைய காமராஜர் மாவட்டத்தில், அதாவது இதே விருதுநகர் மாவட்டத்தில், ஸ்பீச் என்ற தொண்டு நிறுவனம் வேறொரு வழியில் போனது. ஊர்க்காரர்களே தரையில் கோலப்பொடியாலும் கல்லாலும் தங்கள் ஊரை வரைவார்கள். கண்மாய் எங்கே, ஊருணி எங்கே, எந்த மாதம் வேலை இல்லை, எந்த மாதம் கடன் என்று விதைகளைக் குவித்துக் காட்டுவார்கள். எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர் ஆசிரியராகிவிடுவார்! அந்த விதைக் குவியல் பெரிய பொருளியல் ஆய்வுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. “மழை வர எத்தனை சதவீதம் வாய்ப்பு?” என்றால் திகைப்பவரிடம் பத்து விதைகளைக் கொடுத்து, வரும், வராது என்று பங்கிடச் சொன்னால் நேர்த்தியாகப் பங்கிடுகிறார். டெலவாண்ட், ஜினே, மெக்கென்சி மூவரும் 2011இல் வளரும் நாடுகளின் அனுபவங்களைத் தொகுத்து இது நன்றாகவே வேலை செய்கிறது என்று காட்டினார்கள்.

சின்னச் சின்ன ஆச்சரியங்களும் உண்டு. குடும்பம் என்றால் ரத்த உறவு இல்லை, அடுப்பு! கணக்கெடுப்பில் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். ஒரே கூரைக்குள் அப்பத்தா தனி உலை வைத்தால் அவர் தனிக் குடும்பம். குடும்பநல ஆய்வில் “நேத்து ராத்திரி இந்த வீட்டுல யார் யார் படுத்தாக?” என்று கேட்பார்கள். திருப்பூருக்குப் போன மகன் விடுபட்டுவிடுவான், விருந்துக்கு வந்த மருமகன் சேர்ந்துவிடுவார்.

நீங்களே ஒரு தாள் தயாரிக்கப் போகிறீர்களா? ஐந்தாறு பேரிடம் முதலில் சோதித்துப் பாருங்கள். பதிலைக் குறித்துக்கொள்வதோடு நிற்காமல், “நான் கேட்டதுல உங்களுக்கு என்ன புரிஞ்சது மதினி?” என்று கேளுங்கள். 1980களில் மனவியலாரும் ஆய்வாளர்களும் கூடிப் பேசி வளர்த்த முறையின் சாரம் இதுதான். “குடிநீரும் சாலையும் திருப்தியா?” என்று இரண்டை ஒன்றில் கேட்டால் எதற்கு ஆமாம் என்று கடைசிவரை தெரியாது. “ஏக்கர் எவ்வளவு?” என்றால் பெரியவர் குறுக்கம் என்ற நில அளவில் சொல்வார், எந்த அளவில் சொன்னார் என்றும் எழுதிக்கொள்ள இடம் விடுங்கள். வருமானத்தை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். ஆட்டை எண்ணச் சொன்னால் கண்ணுபட்டுவிடும் என்று தயங்குவார்கள், கிடை எந்தக் காட்டில் போடுகிறீர்கள் என்று தொடங்குங்கள்.

கட்டம் போட்டுக் கேட்பதா, வெற்றிடம் விட்டுக் கேட்பதா என்பதற்கு இந்தியா கொடுத்த விலை தெரியுமா? 1931 கணக்கெடுப்பில் இருந்த சாதிப் பெயர்கள் 4,147. 2011இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் பட்டியல் இல்லாமல் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். வந்து சேர்ந்த பெயர்கள் 46 லட்சத்துக்கும் மேல்! சாதி, உட்பிரிவு, குலம், குடும்பப் பெயர், எழுத்துப் பிழை எல்லாம் ஒன்றாகக் கலந்து, பிரித்தெடுக்க முடியாமல் அந்தச் சாதிக் கணக்கு வெளியாகவே இல்லை. 2027 கணக்கெடுப்பில் மீண்டும் சாதி கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. காரியாபட்டித் தெருவில் அந்தக் கேள்வி விழும்போது கணக்கெடுப்பவர் கையில் இருக்கும் கருவியில் பட்டியல் விரியுமா, வெற்றுக் கட்டம் திறக்குமா என்பதைக் கவனித்துப் பாருங்கள். வரப்போகும் பெயர்கள் ஆயிரங்களில் நிற்குமா, லட்சங்களில் ஓடுமா என்பதை அந்தத் திரைதான் முடிவு செய்யும்!